நான்கு ஏர் புறப்பட்ட நாற்சந்தி

பெங்களூர் பிறந்த இடம் இதுதான் என்று ஒரு புள்ளியில் விரல் வைத்துச் சொல்ல முடியும். எல்லா ஊருக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. மதுரை எந்த இடத்தில், எப்போது தொடங்கியது என்று கேட்டால் புராணம்தான் பதில் சொல்லும். காஞ்சிக்கும் அப்படியே. பெங்களூர்ப் பேட்டைக்கு ஆண்டும் உண்டு, இடமும் உண்டு. ஆண்டு 1537. இடம், தொட்டபேட்டையும் சிக்கப்பேட்டையும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் நாற்சந்தி. தொட்டபேட்டையை இன்று அவென்யூ ரோடு என்கிறோம். சிக்கப்பேட்டை இன்றும் சிக்கப்பேட்டைதான்.

எலஹங்கா நாட்டுப் பிரபு கெம்பேகௌடர், விஜயநகரப் பேரரசர் அச்சுத தேவராயரிடம் ஒப்புதல் வாங்கி, நல்ல நாள் பார்த்து அந்த இடத்தில் நான்கு ஏர் பூட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அலங்காரம் செய்த வெள்ளைக் காளைகள், ஏருக்கு ஓர் ஆள். நான்கும் ஒரே நேரத்தில் நான்கு திசையில் புறப்பட்டன. ஏர் ஓடிய சால் தெருவானது, ஏர் போய் நின்ற இடத்தில் கோட்டை வாசல் எழுந்தது. வடக்கே எலஹங்கா வாசல், தெற்கே ஆனேக்கல் வாசல், கிழக்கே அல்சூர் வாசல், மேற்கே சொண்டேகொப்பா வாசல். சுற்றி மண்ணால் கோட்டைச் சுவர், அதற்கு வெளியே அகழி. உள்ளே தெருத்தெருவாக வியாபாரிகளையும் கைவினைக்காரர்களையும் அழைத்து வந்து குடிவைத்தார்கள்.

இந்த நாற்சந்தியில் நான் சிறுவயதில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். என் அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். திருவண்ணாமலைப் பக்கம், சாத்தனூர் அணைக்குக் கிட்டத்தில் ஒரு கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர். காட்டன்பேட்டையில் ஒரே வாசலுக்குள் பல குடித்தனங்கள் இருந்த வரிசை வீட்டில் நாங்கள் இருந்தோம். தீபாவளிக்கு முன்னால் போனஸ் வந்ததும் குடும்பத்தோடு நடந்தே சிக்கப்பேட்டைக்குப் போவோம். கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தை. அதில் கால்மடக்கி உட்கார்ந்து அம்மா கன்னடத்தில் விலை கேட்பாள், தமிழில் எங்களிடம் கலந்து பேசுவாள், தெரிந்த அளவு தெலுங்கில் பேரம் முடிப்பாள். கடைக்காரர் மார்வாடியாக இருப்பார். அவருக்கு மூன்றும் புரியும்.

அப்பா கடைக்குள் வரமாட்டார். வெளியே, தெருக்கள் சந்திக்கும் இடத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "கூட்டத்துல கை விட்டுப்போச்சுன்னா அழுவாத. யாரையாச்சும் தொட்டபேட்டை சர்க்கிள் எதுன்னு கேட்டு இந்த மூலைக்கே வந்துடு. நான் இங்கதான் நிப்பேன்" என்பார். ஊர் தொடங்கிய இடத்தைத்தான் அவர் எனக்கு அடையாளமாகக் காட்டினார் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் நான்கு காளைகளைப் பற்றிப் படித்தோம். பாடத்தில் வந்த இடம் எங்கேயோ காட்டில் இருப்பதாக மனதில் பதிந்துவிட்டது. அந்தப் பாடத்தையும் அந்தத் தெருவையும் எனக்காக ஒன்றாகச் சேர்த்துவைத்தவர், எங்கள் பகுதியில் குடியிருந்த ஓய்வுபெற்ற கன்னட ஆசிரியர் ஒருவர். அவரை எல்லோரும் மேஷ்ட்ரே என்றுதான் கூப்பிடுவோம். தமிழர்கள் நடுவிலேயே வாழ்ந்து பழகியதால் நன்றாகத் தமிழ் பேசுவார். ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "நாலு ஏர் பொறப்பட்ட எடத்த நீங்க பாத்ததில்லயா? என்னம்மா நீங்க, அங்கதானே பொடவ வாங்கறீங்க!" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவரோடு கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பது அவருடைய கண்டிப்பு. மற்ற நாளில் பேட்டையில் தலையைத் தூக்கிப் பார்க்க முடியாது. தள்ளுவண்டியும் தலைச்சுமையும் ஸ்கூட்டரும் நம்மை இடித்துத் தள்ளிக்கொண்டே போகும்.

மைசூர் பேங்க் சர்க்கிளில் இறங்கினோம். மைசூர் வங்கி 2017இல் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவோடு இணைந்துவிட்டாலும் சர்க்கிளுக்குப் பெயர் மாறவில்லை. அங்கே ஓர் ஆஞ்சநேயர் கோயில். எலஹங்கா வாசல் ஆஞ்சநேயர் என்று அவருக்குப் பெயர். "வாசல் போயிடுச்சு. வாசல்ல காவலுக்கு இருந்தவரு மட்டும் இருக்கார்" என்று மேஷ்ட்ரே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். வடக்கே போன ஏர் நின்ற இடம் இது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் அவென்யூ ரோடு மார்க்கெட் வரைக்கும் போகிறது.

நடக்க ஆரம்பித்தோம். கடைகள் மூடியிருந்ததால் நடைபாதை முழுக்கப் பழைய புத்தகங்கள். பொறியியல் பாடநூல்கள், கன்னட நாவல்கள், அட்டை கிழிந்த அகராதிகள். பக்கத்துச் சந்துகளில் நோட்டுப் புத்தகம், கணக்குப் பேரேடு, கல்யாணப் பத்திரிகை விற்கும் கடைகளின் பெயர்ப்பலகைகள். மேலே பார்த்தால், மூன்று மாடிக் கான்கிரீட் கட்டடங்களுக்கு இடையில் மரத்தூண் வைத்த பழைய வீட்டின் மாடி ஒன்று எட்டிப் பார்க்கிறது. மேஷ்ட்ரே ஒவ்வொரு சந்தாகக் கையைக் காட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். அரளேபேட்டை பஞ்சுக்கு. அக்கிபேட்டை அரிசிக்கு. ராகிபேட்டை கேழ்வரகுக்கு. தரகுபேட்டை தானியத்துக்கு. பளேபேட்டை வளையலுக்கு. கும்பாரபேட்டை குயவர்களுக்கு. காணிகரபேட்டை செக்கு ஆட்டியவர்களுக்கு. உப்பாரபேட்டை உப்புக்கு. நான் பிறந்து வளர்ந்த காட்டன்பேட்டைதான் அந்த அரளேபேட்டை. பஞ்சுப் பேட்டையிலிருந்து பஞ்சாலைக்கு வேலைக்குப் போனவர் என் அப்பா.

நாற்சந்திக்கு வந்தோம். மேஷ்ட்ரே நடுத்தெருவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தார். ஒரு போலீஸ்காரர் தள்ளி நிற்கச் சொன்னார். மேஷ்ட்ரே நகரவில்லை. "இதுதாம்மா. இங்க நின்னு நாலு பக்கமும் பாருங்க."

பார்த்தேன். கிழக்கே போகிற தெரு அல்சூர் கேட்டுக்கு. வாசல் இடிந்து எத்தனையோ காலம் ஆகியும் அங்கே இருக்கும் காவல் நிலையத்துக்கு இன்றும் அல்சூர் கேட் போலீஸ் ஸ்டேஷன் என்றே பெயர். மேற்கே சிக்கப்பேட்டை. தெற்கே மார்க்கெட், அதைத் தாண்டி ஹைதர் அலி கல்லால் திருப்பிக் கட்டிய கோட்டையின் மிச்சம். வடக்கே நாங்கள் வந்த வழி. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. மேலே உள்ள கட்டடங்கள் எத்தனையோ முறை மாறியிருக்கும். கீழே சால் மாறவில்லை.

அங்கே நினைவுக்கல்லோ பலகையோ ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. மின்கம்பத்தில் தள்ளுபடி விளம்பரங்கள் ஒட்டியிருந்தன. பூக்காரம்மா ஒருத்தி சந்தி ஓரத்தில் கூடையை இறக்கி உட்கார்ந்திருந்தாள். அவளிடம், "இந்த எடத்துலதான் பெங்களூர் பொறந்துச்சாம், தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாதுக்கா. ஆனா இங்க ஒக்காந்தா பூ சீக்கிரம் போயிடும்" என்றாள். கெம்பேகௌடர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அவர் ஏர் பூட்டியது இந்த வியாபாரத்துக்காகத்தான்.

எனக்கு அங்கே நின்றபோது அப்பாவின் ஊரில் சித்திரை முதல் நாள் பொன்னேர் பூட்டுவது ஞாபகம் வந்தது. மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, ஊரே நிலத்தில் கூடி முதல் சால் ஓட்டும். அந்தச் சாலில் விதைப்பதைவிட, இந்த வருஷம் நிலத்தோடு நமக்குள்ள உறவு தொடங்கிவிட்டது என்று நிலத்துக்குச் சொல்வதுதான் முக்கியம். ஒக்கலிகர் என்னும் வேளாண் குடியில் பிறந்த கெம்பேகௌடருக்கு ஒரு நகரத்தைத் தொடங்க வேறு எந்தச் சடங்கு தோன்றியிருக்கும்? உழவன் செய்யக்கூடிய மிகப் பெரிய சடங்கை அவர் நகரத்துக்குச் செய்தார்.

ரோம் நகரத்துக்கும் இப்படி ஓர் ஏர்க் கதை உண்டு. ரோமுலஸ் காளை பூட்டிச் சால் ஓட்டித்தான் நகரத்தின் எல்லையைக் குறித்தானாம். வாசல் வரவேண்டிய இடத்தில் ஏரைத் தூக்கிக்கொண்டானாம். ரோமில் சால் மதிலானது, அதைத் தாண்டியவனுக்குச் சாவு. பெங்களூரில் சால் தெருவானது. நடுவில் தொடங்கி வெளியே நான்கு பக்கமும் ஓடியது. யார் உள்ளே வரக்கூடாது என்பதைவிட, யார் எந்த வழியாக வரலாம் என்பதை முதலில் யோசித்த ஊர் இது என்று எனக்குப் படுகிறது. எங்களைப் போன்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே வந்து சேர்ந்ததற்கு அந்த நான்கு சாலும் ஒரு காரணம் என்றே நம்புகிறேன்.

கெம்பேகௌடரின் முன்னோரே அப்படி வந்தவர்கள்தான். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒரு தலைவனின் தொல்லை தாங்காமல், பெண்ணைக் காப்பாற்ற வேண்டி, மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ரணபைரேகௌடரும் அவர் தம்பிமாரும் நந்தி மலை அருகே ஆவதிக்கு வந்து சேர்ந்தார்கள் என்பது அந்தக் குடியின் கதை. அந்த வழியில் வந்தவர்களே எலஹங்காப் பிரபுக்கள். மேஷ்ட்ரே இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க அப்பா வந்த தெச, அவங்க வந்த தெச, ரெண்டும் ஒண்ணுதான்."

பேட்டை பிறந்த கதையில் ஓர் இரத்தக்கறையும் இருக்கிறது. கோட்டையின் தெற்கு வாசலைக் கட்டக் கட்ட அது இரவில் விழுந்ததாம். கர்ப்பிணிப் பெண்ணின் பலி கேட்கிறது என்றார்களாம். கெம்பேகௌடர் மறுக்க, அவருடைய மருமகள் லக்கம்மா யாருக்கும் சொல்லாமல் இரவில் போய்த் தன் தலையைத் தானே வெட்டிக்கொண்டாளாம். கோரமங்களாவில் அவளுக்கு நினைவிடம் இருக்கிறது. நம் ஊர்களிலும் ஏரிக்கரை நிற்பதற்காக உயிர் கொடுத்த பெண்கள் அம்மனாக நிற்கிறார்கள். இதை நான் தியாகக் கதையாக மட்டும் கேட்க விரும்பவில்லை. நகரம் எழுப்பியவர்களின் பெயர்ப் பட்டியலில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் இதுதானா என்ற கோபம் எனக்கு உண்டு. மேஷ்ட்ரேவிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அந்தக் கதைய மறக்காம சொல்லிட்டு வர்றதுதான் நாங்க செய்யற பிராயச்சித்தம்" என்றார்.

பிறகு வந்த படையெடுப்புகளை வேகமாகச் சொல்லிவிடலாம். 1638இல் பிஜாப்பூர் படை பெங்களூரைப் பிடித்தது. அது சிவாஜியின் தந்தை ஷாஹாஜிக்கு ஜாகீராகப் போனது. அவருடைய இன்னொரு மகன் ஏகோஜி இங்கிருந்து போய்த்தான் 1670களில் தஞ்சாவூரில் மராட்டிய ஆட்சியைத் தொடங்கினார். சரபோஜியின் சரஸ்வதி மகால் நூலகத்துக்குள் நுழையும் தமிழர்கள், அந்த வம்சம் பெங்களூர்ப் பேட்டை வழியாக வந்தது என்பதையும் ஒரு கணம் நினைக்கலாம். 1687இல் முகலாயர் பிடித்து, மூன்று லட்சம் ரூபாய்க்கு மைசூர் சிக்கதேவராஜ உடையாருக்குக் கைமாற்றினார்கள். 1791 மார்ச்சில் கார்ன்வாலிஸ் முதலில் பேட்டையையும் பிறகு கோட்டையையும் பிடித்தார். இத்தனைக்கும் பிறகு மறு சந்தை நாளில் அந்த நாற்சந்தியில் கடை விரித்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அன்று நாற்சந்தியிலிருந்து கிழக்கே திகளரபேட்டைக்குப் போனோம். தர்மராயசுவாமி கோயில் அங்கேதான். திகளர்கள் தோட்டத் தொழிலுக்குப் பேர்போனவர்கள், தமிழோடு பழைய தொடர்புள்ளவர்கள். அவர்களுக்குத் திரௌபதியே தெய்வம். சித்திரைப் பௌர்ணமி இரவில் பெங்களூர்க் கரகம் இந்தக் கோயிலிலிருந்து புறப்படும். சேலை கட்டி வளையல் போட்ட ஆண்மகன் ஒருவர் தலையில் மல்லிகை மூடிய கரகம். கையால் தொடாமல் விடியவிடியப் பேட்டைத் தெருக்களில் வருவார். வாளேந்திய வீரகுமாரர்கள் "கோவிந்தா, கோவிந்தா" என்று கூவியபடி கூட ஓடுவார்கள். காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் போகும். எங்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் அந்த தர்கா. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊரில் திரௌபதியம்மன் கோயில் தீமிதிக்கு வருஷந்தோறும் போக முடியாத மனிதருக்கு இந்த ஒரு இரவு போதுமானதாக இருந்தது. அவர் கண்ணில் நீர் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

1537 என்பது பேட்டை பிறந்த ஆண்டுதான். பெங்களூர் என்ற ஊர்ப்பெயர் அதைவிட எவ்வளவோ பழையது. வீர பல்லாளனுக்குக் கிழவி ஒருத்தி வெந்த அவரை கொடுத்ததால் அந்தப் பெயர் வந்தது என்ற கதை எல்லோருக்கும் தெரியும். அந்த ஹொய்சள அரசனுக்கும் முன்னால், சுமார் 890இல், பேகூர் நாகநாதேஸ்வரர் கோயிலில் ஒரு வீரக்கல் நடப்பட்டது. நாகத்தரனைச் சேர்ந்த ஒருவன் பெங்களூர்ச் சண்டையில் இறந்தான் என்று பழைய கன்னடத்தில் அதில் வெட்டியிருக்கிறது. ஹெப்பாளில் கிடைத்த கித்தையன் கல்வெட்டு சுமார் 750ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கங்க அரசன் ஸ்ரீபுருஷன் காலம். மிதிக் சொசைட்டி இப்போது இந்தக் கற்களை முப்பரிமாணத்தில் படியெடுத்துப் பாதுகாத்து வருகிறது. பெரிய காரியம். ஒவ்வொரு கல்லும் சாக்கடை ஓரத்திலும் கட்டடக் குப்பையிலும் போய்விடாமல் காப்பாற்றப்பட வேண்டியதாக இருக்கிறது.

மடிவாளா சோமேஸ்வரர் கோயிலுக்கு நான் தனியாகப் போனேன். அதன் சுவரில் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. வேப்பூர் என்று அதில் வருவது இன்றைய பேகூர். இன்னொன்றில் வெங்களூர்ப் பெரிய ஏரிக்குக் கீழே உள்ள நிலத்தைக் கோயிலுக்குக் கொடுத்த செய்தி. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. தேசிமாணிக்கப் பட்டணம் என்று அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. இதை வைத்துப் பெங்களூர் தமிழர்களுடையது என்று மார்தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. பேகூர்க் கல்லில் கன்னடம், மடிவாளாச் சுவரில் தமிழ், பேட்டையில் அம்மா பேசிய மூன்று மொழி. இந்த ஊர் எப்போதும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அதைக் கல்லே சொல்கிறது.

மடிவாளாக் கல்வெட்டில் என்னைப் பிடித்து நிறுத்தியது மொழியைக் காட்டிலும் அந்தப் பெரிய ஏரிதான். கெம்பேகௌடருக்கு முன்பே இங்கே ஊர் என்றால் ஏரி என்றுதான் பொருள்.

நாற்சந்தியில் நின்றவர்கள் எல்லோரும் யோசிக்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இங்கே ஆறு இல்லையே, எந்தத் துணிச்சலில் நகரம் அமைத்தார்? கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே உள்ள மேட்டுநிலம். பேட்டை இருப்பதே ஏறக்குறைய நீர் பிரியும் மேட்டில். அதற்கு மேற்கே விழும் மழை விருஷபாவதியாகி அர்க்காவதியில் சேர்ந்து காவிரிக்குப் போகிறது. கிழக்கே விழுவது பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்கு. வந்த நீர் இரண்டு பக்கமும் ஓடிப்போகும் இடத்தில் ஊர் வைத்தால், ஓடும் நீரை நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது. ஏர் ஓட்டிய கையோடு ஏரிகளை வெட்டினார்கள். பேட்டைக்குக் குடிநீருக்குத் தர்மாம்புதி. பாசனத்துக்கும் மற்றதுக்கும் கெம்பாம்புதி, குலதெய்வம் கெம்பம்மாவின் பெயரில். சம்பங்கி ஏரி, காரஞ்சி ஏரி. ஏரிகள் இல்லாவிட்டால் அந்த நான்கு சாலும் ஒரு கோடைக்குள் புழுதியாகியிருக்கும். நகரத்தின் பிறந்த இடம் எது என்று என்னைக் கேட்டால் நாற்சந்தி பாதி என்பேன், ஏரிக்கரை மீதி.

தர்மாம்புதியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் போகலாம். பஸ் நிற்கும் இடம்தான் ஏரி. தமிழ்நாட்டிலிருந்து வந்த எத்தனையோ பேர் பெட்டியோடு முதலில் கால் வைத்த இடம் ஒரு பழைய ஏரியின் தரை. பக்கத்துத் தெருவுக்கு இன்றும் டேங்க் பண்ட் ரோடு என்று பெயர். கரை இல்லை, நீரும் இல்லை. 1890களில் ஹெசரகட்டாவிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. பிறகு 1933இல் திப்பகொண்டனஹள்ளி. 1974இல் காவிரி. தொலைவிலிருந்து தண்ணீர் வர வர, பக்கத்தில் இருந்ததன் மீது அக்கறை போயிற்று. தேவைப்படாத ஏரி காலி மனையாகத்தான் கண்ணுக்குத் தெரியும்.

சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. ஆனால் அங்கே ஒரு மூலையில் சிறு குளத்தை விட்டுவைத்தார்கள். கரகச் சடங்குக்கு அந்தத் தண்ணீர் வேண்டும் என்பதே காரணம். ஓர் ஏரியில் ஒரு மூலையாவது பிழைத்தது, அதை வருஷத்துக்கு ஒருமுறையாவது தேடிப் போகும் மனிதர்கள் இருந்ததால். நாற்சந்தியின் தெருக்கள் பிழைத்ததற்கும் அதுவே காரணம். தினமும் நடந்தோம், அதனால் இருந்தன.

கெம்பாம்புதி இன்னும் ஏரியாகவே இருக்கிறது. மேஷ்ட்ரேவோடு அங்கேயும் போனேன். கவிபுரத்தில் கவி கங்காதரேஸ்வரர் குகைக்கோயிலைப் பார்த்துவிட்டு நடந்தோம். மகர சங்கராந்தி மாலையில் சூரிய ஒளி நந்தியின் கொம்புகளுக்கிடையே புகுந்து லிங்கத்தில் விழும் கோயில் அது. ஏரிக்கரையில் நான்கு காவல் கோபுரங்களில் ஒன்று நிற்கிறது. மற்றவை லால்பாக் பாறை மேலும், அல்சூர் ஏரிப் பக்கமும், மேக்ரி சர்க்கிள் அருகிலும். கெம்பேகௌடர் வம்சத்தில் பின்னால் வந்தவர் கட்டியவை என்கிறார்கள். நகரம் இதைத் தாண்டி வளராது, வளர்ந்தால் ஆகாது என்று நட்ட எல்லை என்பது மக்கள் பேச்சு. ஊர் அதைத் தாண்டி எங்கோ போய்விட்டது.

ஏரிக்கரையில் நடைபாதை போட்டுச் செடி வைத்திருக்கிறார்கள். மரங்கள் நன்றாக இருக்கின்றன. நீர் நன்றாக இல்லை. மழைநீர் வரவேண்டிய வாய்க்காலில் கழிவுநீர் வருகிறது. மூக்கை மூடாமல் நிற்க மேஷ்ட்ரே முயன்றார், முடியவில்லை. "எங்க தாத்தா இதுல குளிச்சவர்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

2024 கோடையில் பெங்களூரின் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, நாங்கள் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றபோது எனக்கு அந்தக் கரைதான் நினைவில் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்தது. சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, அரை கிலோமீட்டர் உயரத்துக்கு ஏற்றி நீர் கொண்டுவருகிறோம். நம் கூரையில் விழுந்த நீரை நுரையாக்கிக் கீழே அனுப்புகிறோம். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரை பெங்களூரின் கிழக்குச் சாக்கடைகள் வழியாகப் போனது. அதே தென்பெண்ணைதான் கிருஷ்ணகிரி அணை தாண்டிச் சாத்தனூருக்குப் போகிறது. அப்பா பிழைப்புத் தேடி விட்டு வந்த ஊரின் வயலுக்கு, அவர் பிழைத்த ஊர் அனுப்பும் தண்ணீர் இது. இதை எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது.

விமான நிலையத்தில் கெம்பேகௌடருக்கு 108 அடி உயரச் சிலை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. மாகடி அருகே கெம்பாபுரத்தில் அவருடைய சமாதி 2015இல்தான் அடையாளம் காணப்பட்டது. சிலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்த்துப் பெருமைப்பட்டேன். ஆனால் அவர் நின்ற இடம் பேட்டையில் இருக்கிறது, சிலையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி.

பெங்களூர் வரும் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை சிக்கப்பேட்டை மெட்ரோவில் இறங்கி, அவென்யூ ரோடும் சிக்கப்பேட்டையும் வெட்டும் இடத்துக்கு நடந்து போங்கள். நான்கு திசையும் பாருங்கள், பிள்ளைகளுக்குக் கதையைச் சொல்லுங்கள். அதே நாளில் கெம்பாம்புதிக் கரைக்கும் போய்விட்டு வாருங்கள். நகரத்தை நடத்துகிறவர்களிடமும் கேட்கிறேன். நாற்சந்தியில், நடப்பவர் கண்ணில் படும்படி, ஏர் புறப்பட்ட இடம் என்று கன்னடத்தில் ஒரு கல் நடுங்கள். கெம்பாம்புதிக்கு வரும் வாய்க்காலில் மழைநீர் மட்டும் வரச் செய்யுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் இப்போது பணம் இருக்கிறது என்றால், வாய்க்காலை முதலில் சரிசெய்யுங்கள்.